மெதுவாக நடக்க ஒரு விசில்

திருச்செல்வத்தின் குடும்பத்தில் வியாதி இரண்டே வகைதான். தொட்டால் சுட வேண்டும். அல்லது பார்த்தால் ரத்தம் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும் அடங்காத எதையும் அவர்கள் வியாதி என்று ஏற்றுக்கொண்டதில்லை. இந்த ஞானம் அவர்களுக்கு ஆத்துப்பால ரப்பர்த் தோட்டத்து டிரெஸ்ஸரிடமிருந்து கிடைத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் அவர். டாக்டருக்குக் கீழே, கடவுளுக்குச் சற்று மேலே. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்குப் பேர் கொடுக்க வராதவர்கள் அவர் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் எம்.சி. என்ற விடுப்புச் சீட்டு, சுடாவிட்டால் பால்மரம். இடுப்பு வலி, தலைச்சுற்றல், மனசு சரியில்லை என்பவை எல்லாம் அவருடைய சாஸ்திரத்தில் இல்லை.

டிரெஸ்ஸர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக் கட்டடம் இடிந்தது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் மம்பாவ், ராசா என்ற பக்கத்து ஊர்களுக்குக் குடிபெயர்ந்து, சுங்கை காடுட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோயில் மட்டும். டிரெஸ்ஸரின் புறங்கை மட்டும் பத்திரமாக மயிலம்மாளிடம் வந்து சேர்ந்திருந்தது.

மயிலம்மாள் திருச்செல்வத்தின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பிகளை வளர்த்து, பால் வெட்டி, கல்யாணம் கட்டி, புருஷனை அடக்கம் செய்து, அறுபதைத் தாண்டிய பின் மம்பாவில் தம்பி வீட்டோடு இருக்கிறாள். தன் வாழ்நாளில் எம்.சி. எடுத்ததில்லை என்று சொல்வாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். யாரும் கேட்காவிட்டால் தொலைக்காட்சியிடம் சொல்வாள்.

அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் புஷ்பவள்ளி. திருச்செல்வத்தின் மனைவி, சுங்கை காடுட்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலை. அவளுக்கு வந்தது சுடவும் இல்லை, ரத்தமும் வரவில்லை. சுடாதது மட்டுமல்ல, குளிர்ந்தது. தெருநாய்கூடக் காருக்கு அடியில் போய்ப் படுக்கிற மத்தியான வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு துணி காயப்போட்டாள். முடி சீப்போடு வந்தது. குறைவாகச் சாப்பிட்டாள், கூடுதலாகப் பெருத்தாள். வேலைக்குப் போகும் வேனில் தூங்கி, தொழிற்சாலை வாசலில் டிரைவர் தட்டி எழுப்பினால்தான் இறங்கினாள். ஒருநாள் சாம்பாருக்குள் கரண்டியை விட்டபடியே, நின்ற நிலையில் கண்ணயர்ந்தாள். சாம்பார் அடிப்பிடித்த வாசனைக்கு எழுந்து வந்த மயிலம்மாள் முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு புஷ்பவள்ளியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடே இல்லயே. நல்லாத்தானே இருக்க" என்றாள்.

தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. சோம்பல். கூடவே ஓர் உபதீர்ப்பு: சோறு அதிகம்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். உடம்பைக் காவல் காக்கிற சிப்பாய்களே, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறார்கள். சுரப்பி சோர்ந்துபோகிறது, சுரப்பி சோர்ந்தால் ஆளே சோர்ந்துபோவாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். கூட வந்திருந்த திருச்செல்வம், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், எதையும் இயந்திரமாகப் பார்த்துப் பழகியவன். யோசித்துவிட்டு, காவலுக்கு வைத்த ஜாகாவே வீட்டைக் கொள்ளையடிக்கிற கேஸ் என்று புரிந்துகொண்டான். ஜாகாவை வேலையை விட்டு நிறுத்த முடியாதா என்று டாக்டரிடம் கேட்டான். முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில் அவன் புஷ்பவள்ளியைப் பார்த்து, ஒன் ஒடம்புக்கே ஒன்னப் புடிக்கல, நாங்க மட்டும் என்னா செய்ய முடியும் என்று சொல்லிச் சிரித்தான். அவனைப் பொறுத்தவரை அது ஆறுதல்.

மயிலம்மாள் மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். எறும்புத் தலை அளவு இருந்தது. இத்தனை சின்ன மாத்திரைக்கு எத்தனை பெரிய வியாதி இருந்துவிடும் என்பது அவளுடைய கேள்வி. அவள் அறிந்த வியாதிகளுக்கெல்லாம் ஊசியாவது போட்டார்கள்.

புஷ்பவள்ளிக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. வேலைக்காரி வேண்டாம், காலைப் பிடித்துவிட வேண்டாம். 'இவளுக்கு உடம்பு சரியில்லை' என்று இந்த வீட்டு ஆள் ஒருவர், வெளி ஆள் யாரிடமாவது, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மகள் சுபா ஜொகூரில் படிக்கிறாள். ரெஸ்ட் எடுங்கம்மா என்று போனில் சொல்வாள். ரெஸ்ட்டைப் போனில் அனுப்பிவைக்க வழியில்லை.

வீடு சொன்னது வேறு. போன வருடத் திருவிழாவில் அது மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்டது. ஆத்துப்பாலத் தோட்டத்துக் கோயிலில் ஒரு நாள் உபயம் திருச்செல்வம் குடும்பத்துடையது. அந்தக் கோயிலில் மாவிளக்குக்கு மெஷின் மாவு ஆகாது. ஊறவைத்து உலர்த்திய அரிசியைக் கோயில் வாசலிலேயே உரலில் போட்டு, உபயக்காரர் வீட்டுப் பெண்கள் உலக்கையால் இடித்துச் சலித்து எடுக்க வேண்டும். மூத்த மருமகள்தான் முக்கால்வாசியும் இடிப்பாள். அம்மன் கேட்டாளோ இல்லையோ, மயிலம்மாள் கேட்பாள். போன வருடம் புஷ்பவள்ளி பாதியில் தலை சுற்றி உலக்கையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். லோபாக்கிலிருந்து வந்திருந்த இளைய மருமகள், திருச்செல்வத்தின் தம்பி மனைவி சீதாலெட்சுமி உலக்கையைப் பிடித்து, போட்டோவுக்கு நாலு குத்து குத்திவிட்டு வளையல் உரசுகிறது என்று ஒதுங்கினாள். மிச்சத்தை மயிலம்மாள் இடித்தாள். இடித்துக்கொண்டே, எங்க வீட்டு மகாராணிக்குக் கை நோவுதாம் என்று வந்தவர் போனவர்க்கெல்லாம் அறிவித்தாள்.

இந்த வருடம் கிளினிக்கில் ஒரு தாதி புஷ்பவள்ளியைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். இவளைப் போலத் தைராய்டு உள்ள பெண்களுக்கு ஒரு புதுமாதிரி உடற்பயிற்சி கொடுத்துப் பார்க்கிறார்கள். தொடர்ந்து ஓடுவதல்ல. கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வேகமாக நடக்க வேண்டும், கொஞ்ச நேரம் மெதுவாக. திரும்பவும் வேகம், திரும்பவும் மெதுவு. சேர்கிறீர்களா என்று கேட்டாள். புஷ்பவள்ளி சரி என்றாள். சாப்பாடு தருவார்களா என்று வீட்டில் திருச்செல்வம் கேட்டான். தரமாட்டார்கள் என்றதும் அவனுக்கு அதில் அக்கறை போய்விட்டது.

மம்பாவ் படாங்கில், ஊர்த் திடலில், மாலை நேரம் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவள் ஹஸ்லினா என்ற மலாய்ப் பெண். கழுத்தில் ஒரு விசில், காலில் மஞ்சள் சப்பாத்து. பாடம் சுலபமானது. ஒரு விசில் ஊதினால் பேச முடியாத அளவுக்கு வேகம். அடுத்த விசில் ஊதினால் பாட்டுப் பாடிக்கொண்டே போகிற அளவுக்கு மெதுவு. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எல்லாரும் முதல் நாளே புரிந்துகொண்டார்கள்.

வேகம் புஷ்பவள்ளிக்கு வந்தது. திணறினாள், ஆனால் வந்தது. வராதது மெதுவு.

காரணம் ரத்தத்தில் இருந்தது, ரத்தப் பரிசோதனையில் தெரியாத ரத்தம். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். தோட்டத்தில் சும்மா நிற்பது குற்றம். சும்மா நடப்பது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் அதற்கு உடந்தையாகக் காலும் சேர்கிறது. வேலையை மேய்க்கிற மண்டோரின் மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டால், கையில் எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். வாளி, விறகு, பிள்ளை, எதுவானாலும் சரி. வெறுங்கையோடு உலாத்துகிற பெண்ணை அவள் சிறுவயதில் பார்த்ததே இல்லை, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மாவைத் தவிர.

ஆகவே மெதுவு விசில் ஊதியதும் அவள் குனிந்தாள். புல்லில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்தாள். பிறகு ஒரு பால் டின். பிறகு சிகரெட் பெட்டி. வேக விசில் வந்தால் குப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மெதுவு விசிலுக்கு மறுபடி பொறுக்கினாள். இரண்டு மூன்று நாளில் படாங் கண்ணாடி போல ஆகிவிட்டது. பந்து விளையாட வந்த ஆட்கள் அவளை நகராண்மைக் கழகத்து ஆள் என்று நினைத்து, கோல் போஸ்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் கிடக்கிறது அக்கா என்று காட்டிக்கொடுத்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு அங்கேயும் போனாள்.

ஹஸ்லினாவுக்கு முதலில் இது சமூக சேவை என்று தோன்றியது. பிறகு சந்தேகம் வந்தது. நிறுத்தி, யார் உங்களைப் பொறுக்கச் சொன்னது என்று மலாயில் கேட்டாள்.  சும்மா நடந்தால் யாராவது பார்ப்பார்கள் என்றாள் புஷ்பவள்ளி. பார்த்தால் என்ன என்றாள் ஹஸ்லினா. அந்தக் கேள்வி புஷ்பவள்ளிக்கு விளங்கவே இல்லை. பார்த்தால் என்ன என்று ஒருத்தி கேட்க முடியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

ஹஸ்லினா பொறுமையாகச் சொன்னாள். வேகம் பாதி மருந்து, மெதுவு மீதிப் பாதி. மெதுவை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உடம்பு அதைப் பயிற்சி என்று நினைக்காது, அடி என்றுதான் நினைக்கும். ஏற்கெனவே உங்கள் உடம்பு கோபக்கார உடம்பு. "பெர்லாஹான், காக். மெதுவா, அக்கா. கையைத் தொங்கவிட்டு மெதுவா நடங்க. அதுக்கும் சேத்துத்தான் விசில் ஊதுறேன்" என்றாள்.

அன்றைக்குப் புஷ்பவள்ளி வெறுங்கையோடு நடந்தாள். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்வெட்டர் பைக்குள் ஒளித்துவைத்தாள். திருட்டுப் பொருள் வைத்திருப்பவள் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனாள்.

பார்த்துவிட்டார்கள். மம்பாவில் ஒரு பெண் வெறுங்கையோடு நடந்தால் பார்க்காமல் இருப்பதற்கு ஆட்கள் என்ன ஊமையா, குருடா? எதிர்வரிசை வீட்டுக்காரி அன்று மாலையே வேலிக்கு மேல் எட்டி, ஒங்க தம்பி சம்சாரம் படாங்குல உலாத்துது என்று மயிலம்மாளுக்குச் சேதி கொடுத்தாள்.

மயிலம்மாள் விசாரணை நடத்தினாள். வேகமாக நடப்பது வரைக்கும் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. உடம்பு வியர்த்தால் நல்லதுதான். "நடுவுல எதுக்கு ஊர்வலம்?" என்று கேட்டாள். மெதுவும் மருந்துதான் என்று புஷ்பவள்ளி சொன்னாள். மயிலம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தொலைக்காட்சியைப் பார்த்தான்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் தொழிற்சாலையில் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறிவிட்டு, மேலே போய் நின்ற பிறகுதான் புஷ்பவள்ளிக்கு அது தெரிந்தது. வேனில் கண்ணைத் திறந்தபடி வந்தாள். வழியில் இருக்கும் கடைகளை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஸ்வெட்டர் அலமாரிக்குள் போனது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்திருந்து, திருச்செல்வம் சொன்ன ஒரு பழைய நகைச்சுவையைக் கடைசி வரை கேட்டாள். அது நன்றாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மயிலம்மாளுக்கு எல்லாரையும்விடக் கூடுதல்.

"நடந்தா போயிடுது. அப்ப அது என்னா வியாதி?" என்றாள்.

இத்தனை காலம் வியாதியே இல்லை என்று சாதித்தவர்கள் இப்போது அது குணமாகிவிட்டது என்றார்கள். இல்லாத ஒன்று எப்படிக் குணமாகும் என்று கேட்க அந்த வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. புஷ்பவள்ளி தெம்பாக ஒவ்வொரு படி ஏறியதும் அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. தேறாமல் இருந்திருந்தால் சோம்பேறி. தேறியதால் இத்தனை நாளும் சோம்பேறியாக இருந்தவள். மருந்து இரண்டு பக்கமும் வெட்டியது.

அதற்குப் பிறகு வேலைகள் ஊர்வலமாகத் திரும்பி வந்தன. அவள் சோர்ந்துகிடந்தபோது யார் யாரோ தலையில் கட்டிக்கொண்டவை எல்லாம், வட்டி இல்லாமல்தான், ஆனால் ஒன்றுவிடாமல் வந்தன. மயிலம்மாளின் போர்வைகள் கைத்துவைப்புக்கு வந்தன. மெஷினில் போட்டால் பூ அழிந்துவிடுமாம். சீதாலெட்சுமி வீட்டுப் பிறந்தநாளுக்கு வடைமாவு அரைக்கும் வேலை வந்தது. திருச்செல்வத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை அபூர்வமாக வரும், வந்தால் ஓவர்லோடுதான். படாங்குக்குப் போய் நேரத்தை வீணாக்குவதற்குப் பதில், வீட்டைக் கொஞ்ச நேரம் வேகமாகக் கூட்டு, கொஞ்ச நேரம் மெதுவாகக் கூட்டு; வீடும் சுத்தம், தைராய்டும் சுத்தம் என்றான். அதைத் தானே கண்டுபிடித்ததில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

படாங்குக்குப் போகும் மாலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சாயங்காலங்களில் அவள் மெதுவாகக் கூட்டுவதைப் பார்த்த மயிலம்மாள், வெளக்கமாறு தூங்குது பாரு என்றாள். ஸ்வெட்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

அடுத்த தடவை கிளினிக்கில் ரத்தம் பார்த்த டாக்டர் உண்மையை மறைக்கவில்லை. சிப்பாய்களின் சண்டை நிற்கவில்லை, நின்றிருந்தால்தான் ஆச்சரியம். நடை வியாதியைத் துரத்தவில்லை. வியாதியோடு நடமாடத் தெம்பு கொடுத்தது. மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும். நடையில் மெதுவும் வேண்டும். புஷ்பவள்ளி இதை அப்படியே வீட்டில் ஒப்பித்தாள். வீடு தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டது: நடை வியாதியைத் துரத்தவில்லை. அப்புறம் எதுக்கு நடை, என்றது. இந்த மாத்திரையையும் நிறுத்திப் பார்க்கலாமே என்று மயிலம்மாள் ஒரு கல் வீசிப்பார்த்தாள். புஷ்பவள்ளி அந்த விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

அதற்குள் திருவிழா வந்துவிட்டது.

உபய நாள் மத்தியானம் செம்பனைக் காட்டு மண்சடக்குப் பாதையில் கார்கள் வரிசையாக வந்து கோயிலைச் சுற்றி நின்றன. சிரம்பானிலும் கிள்ளானிலும் உத்தியோகம் பார்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒருநாள் தோட்டத்து ஆட்களாகிற நாள் அது. உரல் கழுவி வைக்கப்பட்டிருந்தது. அரிசி தயார். புஷ்பவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

நன்றாக இடித்தாள். வேகமாக, சீராக, உலக்கைப் பூண் உரலில் படாமல். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பரவாயில்லையே என்றார்கள். மயிலம்மாள் இதை நான் எப்போதோ சொன்னேன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் புஷ்பவள்ளி தானே மனசுக்குள் ஒரு விசில் ஊதிக்கொண்டாள். உலக்கையைப் பந்தல் காலில் சாய்த்தாள். கைகளைத் தொங்கவிட்டாள். கோயிலைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தாள்.

வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி இடித்த மாவை உரலில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு, மூத்த மருமகள், உபய நாளில். அவள் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்து மறுபடி உலக்கையை எடுத்து வேகமாக இடித்தாள். மறுபடி சாய்த்துவிட்டு நடந்தாள். இரண்டாவது சுற்றில், இது ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்த இரண்டு பெண்கள் கும்பிட்ட கையோடு அவள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது சுற்றில் சீதாலெட்சுமியும் சேர்ந்தாள், போனைக் கையில் பிடித்தபடி.

மயிலம்மாள் உரல் அருகில் வழிமறித்தாள்.

"மாவ பாதியில போட்டுட்டு எங்க போற வர்ற?"

"கொஞ்சம் இடிப்பேன், கொஞ்சம் நடப்பேன் அண்ணி. மாவு ஆயிரும்" என்றாள் புஷ்பவள்ளி. புருஷனின் அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இடிக்கறது வேல. நடக்கறது?"

"அதுவும் வேலதான். டாக்டரு சொன்னாரு."

"அப்ப டாக்டர வந்து இடிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு மயிலம்மாளே உலக்கையை எடுத்தாள். வேலை என்றால் என்ன என்று ஊருக்கே காட்டும் வேகத்தில் குத்தினாள். கொஞ்ச நேரம் போனதும் கொண்டை அவிழ்ந்துவிட்டது என்று நிறுத்தி, அவிழாத கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்தாள். அது நீண்ட நேரம் எடுத்தது. பிறகு குத்தினாள். பிறகு சல்லடையில் ஏதோ கோளாறு என்று தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சலித்து மிஞ்சிய கப்பியில் கல் கிடக்கிறது என்று குனிந்து தேடினாள். கல் கிடைக்கவில்லை; மூச்சு கிடைத்தது. புஷ்பவள்ளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் விசில் வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. யாருக்கும் கேட்காமல் ஊதப் பழகியிருக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் கோயில் தலைவர் இராஜமாணிக்கம் திருச்செல்வத்தோடு அந்தப் பக்கம் வந்தார். நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் ரசீதுப் புத்தகம். பின்னால் கும்பிட்டபடி நின்றிருந்த பெண்களைப் பார்த்தார், புஷ்பவள்ளியைப் பார்த்தார்.

"என்னா செல்வம், வீட்டுல நடந்து நடந்து வந்து இடிக்குது. புதுப் பழக்கமா இருக்கே" என்றார்.

மயிலம்மாள் முந்திக்கொண்டாள். "வேண்டுதலுங்க" என்றாள்.

நல்ல பதில்தான். கௌரவமான பதில். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் வந்த பெண்களுக்கும் புண்ணியம். சோம்பேறி மருமகள் பக்தி மருமகளாகிவிடுவாள். குடும்ப மானம் கப்பலேறாமல் கரையிலேயே நிற்கும். புஷ்பவள்ளி வெறுமனே தலையை ஆட்டினால் போதும்.

அவள் ஆட்டவில்லை. திருச்செல்வத்தைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

திருச்செல்வம் அக்காவைப் பார்த்தான், கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தான், தன் சப்பாத்து இல்லாத காலைப் பார்த்தான். கோயில் வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்ல அவனுக்குப் பயம். லாரி எடை பார்க்கும் இடத்தில் அவன் அந்தப் பயத்தைக் காட்டியதில்லை. அங்கே அம்மன் இல்லை.

"வேண்டுதல் இல்லீங்க" என்றான்.  தலைவர் பக்கம் திரும்பி மேலும் சொன்னான். "ஒடம்பு சரியில்ல அதுக்கு. தைராய்டு. ரொம்ப நாளாவே."

இத்தனை வருடம் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது. வீணை ஒன்றும் ஒலிக்கவில்லை. அன்பில் வந்ததா, அம்மன் பயத்தில் வந்ததா என்று புஷ்பவள்ளி ஆராயவில்லை. பாசாரில் மீன் வாங்குகிறவள் அது எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்பதில்லை. ரொம்ப நாளாவே என்ற கடைசி வார்த்தையை மட்டும் அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதை யாரும் கேட்காமலே சேர்த்திருந்தான்.

இராஜமாணிக்கத்துக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. "எங்க வீட்டுலயும் அதானேலா. எந்நேரமும் தூக்கம். நான் திட்டிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். பிறகு எதையோ யோசித்தவர்போல நின்றார். அந்த டாக்டர் எந்தக் கிளினிக் என்று மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். வேண்டுதல் இல்லை என்று தெரிந்ததும் பின்னால் வந்த பெண்கள் கையை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். சீதாலெட்சுமி எடுத்த படத்தை அழித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

மாவு ஆனது. பாதி புஷ்பவள்ளி நடந்து நடந்து இடித்தது, பாதி மயிலம்மாள் கொண்டை முடிந்து முடிந்து இடித்தது. விளக்கேற்றியபோது எது யாருடைய மாவு என்று அம்மனுக்கும் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் திருச்செல்வம் காரை ஓட்டினான். முன்சீட்டில் மயிலம்மாள், பின்சீட்டில் புஷ்பவள்ளி. செம்பனைக் காடு முடிந்து தார்ச்சடக்கு வந்த பிறகு புஷ்பவள்ளி சொன்னாள், தலைவரிடம் சொன்னதை அண்ணியிடமும் ஒருதடவை சொல்லிவிடுங்கள் என்று. அக்காதான் பக்கத்துலயே நின்னுச்சே என்றான் திருச்செல்வம். பக்கத்தில் நிற்பது வேறு, சொல்வது வேறு என்றாள் அவள்.

அவன் கொஞ்ச தூரம் கியரையே மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு, சடக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அக்கா, அதுக்கு நெசமாவே ஒடம்பு சரியில்லக்கா" என்றான்.

மயிலம்மாள் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

காரில் இருந்த மற்ற இரண்டு பேரும் இதை எதிர்பார்க்கவில்லை. புஷ்பவள்ளி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுமா அண்ணி?"

"தெரியும்னு ஒத்துக்கிட்டா வேலய யாரு செய்யறது? நானா?" மயிலம்மாளின் குரல் உயரவில்லை; அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு மட்டும் யாரு எம்.சி. குடுத்தா? காலு வீங்கி வீங்கிப் பால் எடுத்தேன். சுடலன்னு சொல்லித் தொரத்துனான் அந்த டிரெஸ்ஸர் பாவி. எனக்கு இல்லாதத ஒனக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. கேட்டிருந்தால் புஷ்பவள்ளிக்கு நம்பிக்கை வந்திருக்காது. அவளுக்குக் கோபம் வந்தது, சுத்தமான, உபயோகமான கோபம். இத்தனை வருடமாகச் சோம்பேறி சோம்பேறி என்று கேட்டு, ஒருவேளை அப்படித்தானோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்ட இரவுகளுக்கான கோபம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அண்ணியின் கால் வீக்கத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. தானும்தான் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க முடியாததால், கோபத்தை முதலில் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயந்தரம் நான் படாங்குக்குப் போறேன். துணிய நீங்க மடிச்சிருங்க அண்ணி. ஒக்காந்துகிட்டே மடிங்க, காலத் தூக்கி நாக்காலில வெச்சுக்கிட்டு."

"எப்ப வருவ?"

"முடிஞ்சதும் வருவேன்."

மயிலம்மாள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். அவளுக்கு இந்த ஏற்பாட்டில் எங்கே நஷ்டம் என்று உடனே பிடிபடவில்லை.

"மடிக்கறேன்" என்றாள் கடைசியில். "ஒன் புருஷன் துணிய மடிக்க மாட்டேன். அவனுக்கு என்னா கேடு, அவனே மடிச்சுக்கட்டும்."

திருச்செல்வம் பிரேக்கை அழுத்தினான். சடக்கில் குறுக்கே எதுவும் வரவில்லை.